கடலை மில்லில் நடக்காத விபத்து

காசியின் கையை மெஷின் இழுத்த அன்று, மில் முதலாளி ராஜமாணிக்கம் கடலைக் கொள்முதலுக்காகக் கீழ்பென்னாத்தூர் போயிருந்தார். திரும்பி வந்ததும் மேஸ்திரியிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "மெஷினுக்கு ஒண்ணும் ஆவலியே?"

அதற்கப்புறம் ஒரு மாதம், ஆஸ்பத்திரி இருக்கும் திசையில் அவர் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

இன்று வந்திருந்தார். மனம் இளகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். காசி நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டுவிட்டான். வந்த நோட்டீஸில் தொகையை மட்டும் படித்தார் ராஜமாணிக்கம். அதற்கே மூச்சு வாங்கியது. வைத்தியம் பார்த்த டாக்டரம்மா வேதா, நஷ்டஈட்டு அதிகாரிக்கு இன்று ரிப்போர்ட் அனுப்பப் போகிறார். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

வராந்தாவில் காசியின் மனைவி உண்ணாமலை கையெடுத்துக் கும்பிட்டாள். "இனிமே அவரால மூட்ட தூக்க முடியாதுங்க. அந்த ரூவா வந்தா ஒரு கறவ மாடு வாங்கிப் பொழச்சிக்குவோங்க."

"அண்ணாமலையார் பாத்துப்பாரு" என்று பொறுப்பை மலைப்பக்கம் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தார் அந்தப் புண்ணியவான்.

மேஜைமேல் ஒரு டின் கடலை எண்ணெயை வைத்தார். "அசல் மல்லாட்ட எண்ணெய்ங்க. கலப்படம் கெடையாது."

டாக்டரம்மா டின்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

ராஜமாணிக்கத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மடித்த தாளை நீட்டினார். 'வீட்டில் விறகு பிளக்கும்போது எனக்கு அடிபட்டது. மில்லில் எதுவும் நடக்கவில்லை' என்று காசி சொல்வதாக எழுதி, கீழே ஒரு கைநாட்டு. அது யாருடைய கைநாட்டு என்பது ராஜமாணிக்கத்துக்கும், காலையில் அவர் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவிய விரலுக்கும் மட்டுமே தெரியும்.

"எப்ப வச்சான்?"

"நேத்துதாங்க. மனசு உறுத்திச்சாம். தானா தேடி வந்து வச்சான்."

டாக்டரம்மா யோசித்தார். "இது மட்டும் பத்தாதுங்க. நாளைக்கே அவன் வைக்கலன்னு சொல்லிட்டா? நீங்க கண்ணால பாத்ததா ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. கேஸ் கெட்டியா நிக்கும்."

படித்தவர்கள் படித்தவர்கள்தான் என்று உள்ளூர மெச்சிக்கொண்டார் ராஜமாணிக்கம். டாக்டரம்மா சொல்லச் சொல்ல, தன் கையாலேயே எழுதினார்: 'காசி நேற்று காலை என் எதிரில் தன் இடது கைக் கட்டைவிரலால் வைத்த ரேகை இது.' கீழே தேதி போட்டு, வழக்கமாகப் பேங்க் செக்கில் போடும் வளைவு நெளிவுகளோடு கையெழுத்தும் போட்டார்.

டாக்டரம்மா அதைத் தன் ரிப்போர்ட்டோடு சேர்த்துக் குண்டூசி குத்தினார்.

"டின்னுங்க?"

"இங்கயே இருக்கட்டும். அதுவும் வேணும்."

மீசையைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த காசி, துண்டால் மூடிய கையோடு பதறி எழுந்து நின்றான். ராஜமாணிக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார்.

உள்ளே, டாக்டரம்மாவின் ரிப்போர்ட்டில் முதல் வரி இப்படி இருந்தது: 'மெஷினில் நசுங்கிய காசியின் இடது கைக் கட்டைவிரலை, ஒரு மாதத்துக்கு முன்பு நானே அடியோடு அகற்றினேன்.'