அழிந்துபோன எண்

நூற்று முப்பது நாள். கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவை முடித்த மறுநாள், கமர் நிஷா மேலப்பாளையம் பஜாரில் ஒரு ரேடியோ கடை முன்னால் நின்றாள். இத்தனை நாளும் வாசல் தாண்டவில்லை. அந்நிய ஆணிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"வெளிய வந்தா சொந்தக்காரங்க வீட்டுக்குப் போவாக. நீ ரேடியோ கடைக்கு வாற" என்று முணுமுணுத்த மதினி நஃபீஸத், பக்கத்து வளையல் கடைக்குள் நுழைந்துவிட்டாள்.

கமர் நிஷா பையிலிருந்து வாக்கிடாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தாள். டெலிபோனுக்கு எழுதிப்போட்டு நாலு வருஷமாகியும் வராததால், கணவர் காஜா முகைதீன் சவூதியிலிருந்து பழையதாக வாங்கிவந்த ஜோடியில் ஒன்று. இது வீட்டில் இருக்கும், மற்றது அவருடைய துணிக்கடையில். அவர் மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு அந்த மற்றது அகப்படவே இல்லை.

தினமும் அந்தியில் மஃரிபு தொழுதபின் பொத்தானை அழுத்தி அவரிடம் பேசுவாள். மாமியைப் பற்றிக் கோள் சொல்வாள். குறட்டைச் சத்தம் இல்லாமல் நன்றாகத் தூங்கிவிட்டதைச் சொல்லி அழுவாள். கடைசியில் "கேக்குதா?" என்பாள். பொத்தானை விட்டால் வெறும் இரைச்சல்.

அந்தப் பெட்டியில் பேசினால் போலீஸ் வயர்லெஸ்ஸில் கேட்குமாம். நேற்று மதினி பேச்சுவாக்கில் சொன்னாள். கமர் நிஷாவுக்கு உடம்பு கூசிவிட்டது.

"இது எந்த அலைவரிசைல பேசும்? பின்னால இருந்த நம்பர் அழிஞ்சு போச்சு" என்றாள், தரையைப் பார்த்தபடி. "வேற யாருக்கும் கேட்டிருக்குமான்னு தெரியணும்."

கடைக்காரர் அசன் மைதீன் ஏரியலை விரலால் அளந்தார். நூற்றைம்பதிலிருந்து நூற்று எழுபத்து நாலு மெகாஹெர்ட்ஸுக்குள் என்றார். திருப்புளியைத் தொடவில்லை, பெட்டியைத் திறக்கவில்லை. ஒரு துண்டுத்தாளில் 152.3 என்று எழுதி நீட்டினார்.

"சரியா இதுலதான். போலீசுக்குக் கேக்காது."

"அப்ப யாருக்குமே கேட்டிருக்காது" என்றாள். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் தாளை வாங்கக் கை நீட்டவில்லை.

அசன் மைதீன் தாளை மேசைமேல் வைத்தார். பிறகு அலமாரியைத் திறந்து, அதே போல இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பாய் மௌத்தாறதுக்கு மொத நாளு ரிப்பேருக்குக் குடுத்தாக. சரி பண்ணிப் போட்டேன், ஒங்க குரல் வந்துச்சு. அணைக்க மனசு வரல."

கமர் நிஷா நிமிர்ந்து பார்த்தாள். இப்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெனமும் கேட்டுச்சும்மா. இத்தாவுல இருக்கியன்னுதான் பதில் சொல்லல."