நகமளவு டேப்

வெளியே கிடக்கும் பனியில் பட்ட காலை வெயில் பட்டறைக்குள் வெளிறி விழுகிறது. மெக்கானிக் வெண்டெல் சாவியைத் திருப்புகிறார். எண்ணெய், பேட்டரி, பிரேக் விளக்குகள் ஒரு கணம் எரிகின்றன. என்ஜின் எச்சரிக்கை விளக்கு மட்டும் எரியவில்லை. "பல்பு போயிருக்கும்," என்கிறான் லைல், காபியைப் பார்த்தபடி. அவன் மனைவி கோலீன் கோட்டைக் கழற்றாமல் நிற்கிறாள். தினமும் மகளைப் பின்னால் உட்காரவைத்து இந்தக் காரை ஓட்டுகிறவள் அவள்தான். வெண்டெல் மீட்டர் பலகையைக் கழற்றிப் பிரிக்கிறார். பல்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதன்மேல் நகமளவு கறுப்பு டேப், வட்டமாக வெட்டி ஒட்டியிருக்கிறது. "ரொம்ப நேர்த்தியா வெட்டியிருக்காங்க," என்று உரிக்கிறார். பிறகு சோதனைக் கருவியைச் செருகிப் படிக்கிறார். "அஞ்சு மாசமா கோளாறும்மா. ஓடும்போதே நின்னிருக்குமே?" "ரெண்டு தடவை. ஒரு தடவை பாலத்து மேல, லாரிங்களுக்கு நடுவுல." அவள் கணவன் பக்கம் திரும்புகிறாள். "ரேடியோவைச் சரிபண்றேன்னு நீதானே இதைக் கழட்டின? பாலத்துலேருந்து ஃபோன் பண்ணினப்போ, உனக்கு ஓட்டத் தெரியலைன்னு சிரிச்சியே, லைல்." "தினம் லைட்டு எரியுது, லைட்டு எரியுதுன்னு உயிரை எடுத்தே. நிம்மதியா இருப்பியேன்னுதான்..." மூலையில் காற்றழுத்த மோட்டார் உறுமி ஓய்கிறது. வெண்டெல் பலகையைப் பொருத்திச் சாவியைத் திருப்ப, மஞ்சள் விளக்கு எரிகிறது, அணையவில்லை. கோலீன் அதையே பார்க்கிறாள். "சரிபண்ணிட்டா டொலீடோ வரைக்கும் போகுமா?" "எங்க வேணாலும் போகும்மா." "டொலீடோவுல என்ன?" என்கிறான் லைல். அவள் வெண்டெலிடமே சொல்கிறாள்: "எங்க அக்கா வீடு. நானும் பொண்ணும் மட்டும்தான்."