ஐம்பது பவுண்டு கில்ட்

"அறுநூறு பவுண்டா? அந்தக் காசுக்கு ஒரு கன்னுக்குட்டியே வாங்கிடலாம். அதுவாவது வளரும்!"

ஸ்காட்லாந்தின் டிங்வால் கடைவீதியில், ஆண்கள் விசேஷங்களுக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ளும் கில்ட் என்ற கட்டம்போட்ட மடிப்புப் பாவாடையை விற்கும் கடையின் வாசலிலேயே நின்று கத்தினார் டூகல் மெக்கன்சி. உள்ளே போனவர், விலைச்சீட்டைப் பார்த்த வேகத்தில் வெளியே வந்திருந்தார்.

"மெதுவாப் பேசு, தெருவே பாக்குது," என்றாள் மனைவி இஷ்பெல். "சனிக்கிழமை கல்யாணம். பொண்ணைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போற அப்பன் கில்ட் இல்லாம கால்சட்டையிலயா வருவான்?"

"வருவான். சாம்பல் கலர் சூட்டு இருக்கே."

"அது உன் அண்ணன் சாவுக்குப் போட்டது."

"அவன் ஒண்ணும் குறை சொல்லலையே!"

டூகலைக் கஞ்சன் என்று சொல்லிவிட முடியாது. மகள் கிர்ஸ்டியின் கல்யாண விருந்துக்கும் பாட்டுக் குழுவுக்கும் கேட்டதற்கு மேலேயே கொடுத்திருந்தார். தனக்கென்று ஒன்று வாங்கும்போது மட்டும் கை சட்டைப்பைக்குள் மாட்டிக்கொள்ளும். அவருடைய பழைய கில்ட்டைப் பூச்சி பாதி தின்றது. மீதியை அவர் வயிறு தோற்கடித்தது. வாடகைக்கு எடுக்கச் சொன்னாலும் கேட்கவில்லை. "ஒரு நாள் உடுத்திட்டுத் திருப்பிக் குடுக்கறதுக்குக் காசா?" என்றார். "அப்பா கால்சட்டையில வந்தா நான் தனியாவே நடந்துக்கறேன்" என்று கிர்ஸ்டி இரண்டு முறை அழுதுவிட்டாள்.

மழை வலுத்தது.

"இங்க கொஞ்சம் ஒதுங்குவோம்," என்று இஷ்பெல் பக்கத்துப் பழைய துணிக் கடைக்குள் நுழைந்தாள். தேவாலயத்துக்காக நடக்கும் கடை அது. கல்லாவில் இருந்த நெட்டா, டூகலோடு பள்ளியில் படித்தவள்.

உள்ளே வந்த டூகலின் கண், சுவரோரம் தொங்கிய ஒரு கில்ட்டில் போய் நின்றது. பச்சையும் நீலமுமாகக் கட்டங்கள்; இடையே வெள்ளையிலும் சிவப்பிலும் மெல்லிய கோடுகள். மெக்கன்சிக் குடும்பத்துக்கே உரிய கட்டம்.

"இது யாரோடது?"

"யாரோ ஒரு மெக்கன்சியோடது. இந்த ஊர்ல மெக்கன்சிக்கா பஞ்சம்?" என்றாள் நெட்டா. "ஆசையாத் தைக்கக் குடுத்தானாம். கல்யாணமே நின்னுபோச்சாம். உடுத்தவே இல்லை. அறுபது பவுண்டு."

"நின்னுபோன கல்யாணத்துத் துணியா? ராசியில்லாதது. நாப்பது."

நெட்டா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நிக்கலை டூகல், தள்ளிப் போச்சுன்னுதான் கேள்வி. அறுபதுதான்."

டூகல் அதைக் கால்சட்டைக்கு மேலேயே சுற்றி, வாரை இழுத்து மாட்டினார். அப்படியே பொருந்தியது. கண்ணாடி முன்னால் ஒருமுறை திரும்பினார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறையும் திரும்பினார்.

"ரொம்ப எடுப்பா இருக்கு," என்றாள் இஷ்பெல்.

"இருக்கு, இருக்கு. யோசிச்சுச் சொல்றேன்." கழற்றித் தொங்கவிட்டார். இஷ்பெலின் முகம் வாடியது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒல்லியாக, உயரமாக ஒருவர் வந்தார். நனைந்த குடையை மடக்கிவிட்டு நேராக அந்தக் கில்ட்டிடம் போனார்.

"அடடா, முழுசா எட்டு கஜம்! பின்னாடி மடிப்பைப் பாருங்க, ஒவ்வொண்ணும் கத்தி மாதிரி நிக்குது. தைச்சவன் கைக்கு மோதிரம் போடணும்!"

டூகலுக்குப் பொறுக்கவில்லை. "என்ன பெரிய தையல்? ஓரத்துல கோணல்."

"கோணலா? எங்க கோணல்? காட்டுங்க!" வந்தவரின் காது சிவந்துவிட்டது. பிறகு மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு நெட்டாவிடம் திரும்பினார். "நூறு பவுண்டு தர்றேம்மா. பொட்டலம் கட்டுங்க."

"உங்க இடுப்புக்கு இது ரெண்டு சுத்து சுத்தும்!" என்றார் டூகல்.

"என் தம்பிக்கு. அவனும் உங்களை மாதிரி நல்லா வளர்ந்தவன்."

அவ்வளவுதான். டூகல் ஒரே எட்டில் போய்க் கில்ட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "முதல்ல தொட்டவன் நான்! நெட்டா, நாப்பது பேசியாச்சு!"

"நீதான் பேசினே. அறுபது."

"அம்பது! இந்தா, கையில பணம்!"

"சரி, கொண்டு போ. கூடப் படிச்ச பாவம், வேறென்ன செய்ய?"

"குடுத்து வச்சவர்," என்று முணுமுணுத்துவிட்டு, அந்த உயரமான மனிதர் கடையின் கோடியில் இருந்த புத்தகங்களைப் புரட்டப் போனார்.

கோட்டுக்குள் பொட்டலத்தை மறைத்துக்கொண்டு டூகல் காருக்கு ஓடினார். உட்கார்ந்ததும் மகளுக்குப் போன் போட்டார். "ஏ கிர்ஸ்டி, உங்கப்பன் கில்ட்லதான்டி வர்றான்! ஒருத்தன் நூறு குடுக்க நின்னான், நான் அம்பதுக்கு முடிச்சேன்..." அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாளோ, டூகல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கையுறையை உள்ளயே விட்டுட்டேன், இதோ வந்துடறேன்," என்று இஷ்பெல் இறங்கினாள்.

"சீக்கிரம் வா! அந்த ஆள் பின்னாலயே வந்துடப் போறான்!"

அந்த ஆள் கல்லா அருகே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இஷ்பெலைப் பார்த்ததும் நெட்டா, டூகல் கொடுத்த ஐம்பது பவுண்டை எடுத்து நீட்டினாள். இஷ்பெல் அதை வாங்கி அப்படியே அவரிடம் கொடுத்தாள்.

"போன வருஷம் பூரா விடுதி ரூம் துடைச்சுச் சேர்த்த அறுநூத்தம்பதை முன்னாடியே குடுத்துட்டேன், மீதி இந்தாங்க," என்றாள். "துணி, தையல்கூலி எல்லாம் சேர்த்து உங்க எழுநூறும் சரியாப் போச்சுங்களா, மாஸ்டர்?"