இஸ்திரி மெஷின் வழக்கு

நீதிமன்றச் சுவரில் இருக்கும் திரையில், எங்கோ தொலைவில் உட்கார்ந்து சைகையைப் பேச்சாக்கிச் சொல்லும் பெண் தெரிகிறாள். சன்னல் வெயில் அவள் முகத்தை வெளுக்க வைக்கிறது. சாட்சிக் கூண்டில் நின்று அவளையே பார்க்கிறாள் காது கேளாத தங்கை. பின்பெஞ்சில் அக்கா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறாள். சைகை தெரிந்த ஆள் கிடைக்காமல், சலவைக்கூடத்தில் நடந்தது விபத்து என்றே இரண்டு வருடமாகக் காவல்நிலையத் தாளில் கிடந்தது; அக்கா மனுமேல் மனு போட்டதில்தான் இன்று விசாரணை. தங்கை தன் முடியைத் தானே கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுக்கிறாள். வலது கையைக் கூண்டின் விளிம்பில் வைத்து, இடது கையால் அதன்மேல் ஓங்கி அறைகிறாள். மரம் அதிர்கிறது.

"மேஸ்திரி முடியைப் பிடிச்சு இழுத்தாரு. என் கையை இஸ்திரி மெஷினுக்குள்ள வெச்சு மூடியை அழுத்தினாரு," என்கிறது திரைக் குரல். எதிர்க்கூண்டிலிருந்து மேஸ்திரி எகிறுகிறார்: "பொய்ங்கய்யா! மூடி தானா விழுந்துச்சு!" திரையிலிருப்பவள் அதையும் சைகையில் காட்டுகிறாள். தங்கையின் கைகள் காற்றை வெட்டுகின்றன. குரல் தடுமாறுகிறது: "காது கேக்காதுல்ல, அதனால அவர் வாயையே பார்த்துக்கிட்டிருந்தேன். அழுத்திக்கிட்டே எண்ணினாரு." நீதிபதியின் பேனா நிற்கிறது. "எத்தனை வரைக்கும்மா?" தங்கை வலது கையை உயர்த்துகிறாள். வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன விரல்களைப் பிரிக்க முடியவில்லை. அதை இறக்கிவிட்டு, இடது கையைத் தூக்கி நான்கு விரல்களை விரிக்கிறாள்.