நாற்பத்தொன்றாம் பக்கம்

இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது தவறான நம்பிக்கை. 2008இல், தேனியில், மின்வெட்டு இல்லாத நேரத்தில், பிரவுசிங் சென்டரில் நாற்காலி கிடைத்தவர்கள் மட்டுமே எழுத முடிந்தது.

பேராசிரியர் பலவேசம் இந்த நுட்பத்தை ஏற்கவில்லை. கயலின் எம்.ஃபில். ஆய்வேட்டில் ஓர் அடிக்குறிப்பைச் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

"வெப்சைட்டா? இதை யாரும்மா சரிபார்த்தது? புத்தகத்துல இருந்து ஆதாரம் கொண்டா. இல்லன்னா வெள்ளிக்கிழமை என் கையெழுத்துக் கிடைக்காது."

வெள்ளிக்கிழமைதான் ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாள்.

"நானே சரிபார்க்கிறேன் சார்" என்றாள் கயல்.

அடிக்குறிப்பில் இருந்தது இதுதான்: திராட்சை, காமயகவுண்டன்பட்டியில் அறுநூறு ஏக்கர், கே.கே.பட்டியில் அறுநூறு ஏக்கர்.

மறுநாள் கம்பம் போய், டவுன் பஸ் பிடித்து, காமயகவுண்டன்பட்டியில் இறங்கினாள். தோட்டத்தில் திராட்சைக் கொத்து வெட்டிக்கொண்டிருந்த ராமுத்தாயிடம் கேட்டாள்.

"ஆத்தா, இங்கன இருந்து கே.கே.பட்டிக்கு எப்படிப் போகணும்?"

ராமுத்தாய் ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த ஊருப் பிள்ள நீ?"

"சிவகாசி."

"அதானே பாத்தேன். நீ நிக்கிறதே கே.கே.பட்டிதேன். காயிதத்துல எழுதுனா காமயகவுண்டன்பட்டி. அம்புட்டையும் சொல்லி முடிக்குமுன்ன பஸ்ஸு போயிரும்ல?"

வியாழக்கிழமை கயல் பேராசிரியரின் அறைக்குப் போனாள்.

"நீங்க சொன்னது சரி சார். அந்த வெப்சைட்ல ஒரே ஊரை ரெண்டு ஊரா எண்ணியிருக்காங்க."

பலவேசத்தின் முகம் மலர்ந்தது. "நான் அன்னைக்கே சொல்லல? எந்த மடையன்மா எழுதினது?"

கயல் பிரிண்ட் எடுத்த தாளை மேசையில் வைத்தாள். "கீழ ஆதாரம் போட்டிருக்கு சார். நீங்க எழுதின புத்தகம். நாற்பத்தொன்றாம் பக்கம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆய்வேட்டை வச்சிட்டுப் போம்மா."

அன்று மாலை, கல்லூரி நூலகத்திலிருந்த தம் புத்தகத்தின் மூன்று பிரதிகளையும் அவர் எடுத்துப் போனார்.

"ஒளிச்சு வைக்கப் போறாக" என்றான் உடன் படிக்கும் நாகராஜ். "உனக்குக் கையெழுத்து அம்புட்டுதேன்."

வெள்ளிக்கிழமை காலை ஆய்வேடு கையெழுத்தோடு வந்தது. மூன்று பிரதிகளும் அலமாரிக்குத் திரும்பியிருந்தன.

மூன்றிலும் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் கே.கே.பட்டி சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் அதே மையில் ஒரு குறிப்பு:

'ஆதாரம்: கயல், நேரில்.'