முதலில் பேச வேண்டியவன்

அவன் பேசவில்லை.

அதனால் கூடத்தில் யாரும் பேசவில்லை.

யூதர்களின் துக்க வீட்டில் அப்படித்தான். துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர்கள் வாய் திறக்கக்கூடாது.

அவன் குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தான். நிலைக்கண்ணாடியைப் போர்வை மூடியிருந்தது. கதவு திறந்தே கிடந்தது. வந்தார்கள். எதிரே அமர்ந்தார்கள். காத்திருந்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சிப்போராவுக்கு மூளையில் ரத்தக்கசிவு. திங்கட்கிழமை அடக்கம்.

தன் அப்பாவுக்குப் பிறகு அவள்தான் யூத சபைத் தலைவி. சென்னையில் மிஞ்சியிருந்த சில குடும்பங்களின் கல்யாணம், சண்டை, சாவு எல்லாம் இந்தக் கூடத்துக்குத்தான் வரும்.

அவன் அவளுடைய கணவன். காபி கொடுப்பான்.

யாருக்குச் சர்க்கரை கூடாது என்று தெரியும்.

இப்போது எதிரே இருந்த ஒவ்வொருவரிடமும் ஒரு சிப்போரா இருந்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தவள். அவன் ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாரும் அவளை எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள்.

அவனுக்கென்று இருந்தது கொஞ்சம். படுக்கையிலும் போன் அவள் காதோரம்தான். முதல் மணியிலேயே எழுந்துவிடுவாள்.

அந்தக் கொஞ்சத்தையும் இந்தக் கூட்டத்தில் கரைக்க அவனுக்கு மனமில்லை.

வாசலில் இருவர் கிசுகிசுத்தார்கள்.

“இன்னும் பேசலையா?”

“அவர் எப்ப பேசினார், இப்ப பேச? காபி குடுக்கற ஆளு.”

கீழ்வீட்டுத் தெய்வானை வந்தாள். தையல்காரி. கழுத்தில் கிடந்த அளவு டேப்பை எடுக்க மறந்திருந்தாள். இவர்களுடைய வழக்கம் அவளுக்குத் தெரியாது.

“என்ன தம்பி, எல்லாரும் கரண்ட் போன மாதிரி உக்காந்திருக்கீங்க?”

சபைச் செயலாளர் எலியாஸ் உதட்டில் விரல் வைத்தார். “அவர்தாம்மா முதல்ல பேசணும். எங்க வழக்கம்.”

“பேசலைன்னா?”

அவர் உட்காரும்படி கை காட்டினார்.

தெய்வானை தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி. நானே சொல்லிடறேன். சிப்போரா சாயங்காலம் ஆபீஸ் விட்டு வருவாளா, படியில நின்னு மேல பார்ப்பா. வாசல்ல செருப்பு நிறையக் கிடந்தா ஏற மாட்டா. நேரா என் வீட்டுக்குள்ள வந்துடுவா. மிஷினுக்குப் பின்னால, வெட்டுத் துணி மேல சுருண்டுக்குவா. ‘மேல அவர் காபி போட்டுச் சமாளிச்சுக்குவார், சொல்லிடாதீங்கக்கா’ம்பா.”

எலியாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த மாலைகள் அவனுக்குத் தெரியும். ‘வந்துடுவா, இன்னொரு வாய் காபி குடிங்க’ என்று காத்திருந்தவர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். கடைசியில் அவள் பஸ்ஸைத் திட்டிக்கொண்டே நுழைவாள். ஒருநாள் அவள் முடியில் பச்சை நூல் ஒன்று ஒட்டியிருந்தது. அவனே எடுத்துப் போட்டான்.

கேட்கவில்லை.

அவன் தெய்வானையைப் பார்த்தான்.

“தூங்குவாளா அக்கா?”

இனி யார் வேண்டுமானாலும் பேசலாம்.

ஒருவரும் பேசவில்லை. எல்லாரும் தெய்வானையின் பக்கம் திரும்பியிருந்தார்கள்.