தாய்ப்பால் மருமகள்

"தள்ளுங்கப்பா, பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு வர்றா!"

அரெத்தி போட்ட சத்தத்தில், ரத்த வங்கி வாசலில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவளுடைய இளைய மருமகள் ஃபோதினி, தோளில் எட்டு மாதக் குழந்தையும் கையில் பையும் ஃபிளாஸ்க்குமாக வந்து உட்கார்ந்தாள். தலை நிமிரவில்லை.

"என் கண்ணுல கூடக் காட்ட மாட்டா. கதவைத் தாழ் போட்டுட்டுத்தான் குடுப்பா, அவ்வளவு கூச்சம்!" பக்கத்தில் இருந்தவளிடம் அளந்த அரெத்தி, கண் பட்டுவிடக் கூடாதென்று மூன்று தடவை 'தூ' என்றாள். மருமகள் வாயில் ஒரு துண்டு எள் அல்வாவைத் திணித்தாள். "தின்னும்மா, பால் ஊறும்."

மாமனார் லாம்ப்ரோஸுக்கு இன்று வயிற்றில் ஆபரேஷன். வீட்டார் இரண்டு பாட்டில் ரத்தம் ஈடு கொடுத்தாக வேண்டும். மூத்த மகன் கொடுத்துவிட்டான். இளையவன் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலேறிப் போய்விட்டான். மூத்த மருமகள் கிறிசா உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தாள், ரத்தத்தில் இரும்புச்சத்து போதாதாம்.

"நீ எதுக்குத்தான் ஆவே? பெத்த பிள்ளைக்கும் டப்பாப் பால். மாமனாருக்கும் ஒண்ணுமில்ல. உன் பையனைப் பாரு, இறகு பிடுங்கின கோழியாட்டம்!" அரெத்தி பாய்ந்தாள்.

கிறிசா தரையைப் பார்த்தாள். ஃபோதினி அல்வாவை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறோமே என்று வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "இன்னொருத்தர் எங்கம்மா? இல்லேன்னா ஆபரேஷனை அடுத்த வாரம் தள்ளிடுவாங்க."

"அதுவரைக்கும் அவர் வலி தாங்குவாரா!"

நர்ஸ் ஃபோதினியைப் பார்த்தாள். "நீங்க குடுக்கலாமே?"

"ஐயோ, அவ தாய்ப்பால் குடுக்கிறவ!"

"அப்போ எடுக்க மாட்டோம்." நர்ஸ் திரும்பினாள். வீராப்பெல்லாம் வடிந்து, அத்தனை பேர் பார்க்க அரெத்தி விசும்பத் தொடங்கினாள்.

ஃபோதினி எழுந்தாள். குழந்தையைக் கிறிசாவின் மடியில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டாள்.

"என்கிட்ட எடுங்க சிஸ்டர். இவனும் டப்பாப் பால்தான்."